ராத்திரி முழுக்க தண்ணீரில் ஊறும் செருப்பு!

செருப்பு நனைந்துவிட்டால் வெயிலில் காயவைப்போம். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஆரன் தீவுகளிலோ, ஒரு காலத்தில் செருப்பு காய்ந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலையாக இருந்தது! படுக்கப் போகும் முன் அதை வாளித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். அந்தச் செருப்பின் பெயர் பம்பூட்டி.

பதப்படுத்தாத மாட்டுத்தோலை கால் அளவுக்கு வெட்டி, முடி வெளிப்பக்கம் இருக்கும்படி மடித்து, விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மீன்பிடிக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் செருப்பு ரெடி. ஆணி கிடையாது, ஹீல்ஸ் கிடையாது. பச்சைத்தோல் காய்ந்தால் விறைத்துப்போய்க் காலை அறுத்துவிடும். அதற்குத்தான் வாளித் தண்ணீர். பகலிலும் அவ்வப்போது கடலலையில் கால் நனைத்துக்கொள்வார்கள்.

நல்ல பூட்ஸ் வாங்கிப் போடலாமே என்றால், அந்த மண்ணில் அது சரிப்படவில்லை. தீவு முழுக்க வெடிப்பு வெடிப்பாகச் சுண்ணாம்புப் பாறை. 1898-ல் அங்கே போன நாடக ஆசிரியர் ஜே.எம்.சிங்கின் ஷூவைப் பாறைகள் கிழித்துவிட, தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் அவருக்கும் பம்பூட்டி செய்து கொடுத்தார்கள். பழக்கதோஷத்தில் குதிகாலை அழுத்தி நடந்து அடிபட்டவர், சில மணி நேரத்தில் தீவுக்காரர்களைப் போலவே நடக்கப் பழகிவிட்டார். படகிலும் இதுதான் வசதியாக இருந்தது. அவர்களுடைய படகு, மரச்சட்டத்தின் மேல் கேன்வாஸ் துணி போர்த்தியது. ஆணி அடித்த பூட்ஸோடு ஏறினால் என்ன ஆகும்?

தீவை விட்டு அயர்லாந்தின் உள்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தால் நிலைமை வேறு. அங்கே ஷூ தைக்க ஆள் இருந்தார், வாங்கத்தான் காசில்லை. 1937 முதல் 1939 வரை சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள், ஊர்ப் பெரியவர்களிடம் பழங்கதைகளைக் கேட்டு நோட்டில் எழுதினார்கள். வாலிப வயது வரை வெறுங்கால்தான் என்று பல பெரியவர்கள் அதில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டு எழுதிய பிள்ளைகளிலேயே பலர் கோடை முழுக்கச் செருப்பில்லாமல் பள்ளிக்கு வந்தவர்கள்தான்.

கால் கழுவிய தண்ணீரை ராத்திரி வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வைத்தால் தேவதைகள் உள்ளே வந்துவிடும் என்ற நம்பிக்கையும் அந்த நோட்டுகளில் இருக்கிறது. அயர்லாந்துக் கதைகளில் புதையலைப் பதுக்கி வைத்திருக்கும் குட்டி மனிதன் லெப்ரகானுக்கு என்ன தொழில் தெரியுமா? ஷூ தைப்பது! ஊரே வெறுங்காலில் நடந்தபோது, கதையில் பணக்காரனாக வேறு யார் இருக்க முடியும்?

காசு சேர்த்து வாங்கிய ஷூவையும் சும்மா தேய விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் வெறுங்காலோடு நடந்து, சர்ச் பக்கத்தில் வந்த பிறகுதான் மாட்டிக்கொள்வார்கள். பூசை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள்.