உபயதாரர் பெயர் உண்டு, செய்தவர் பெயர்?

நம் வீட்டுப் பித்தளைக் குடத்தைத் திருப்பிப் பாருங்கள். சொந்தக்காரர் பெயர் வெட்டியிருக்கும். சீர்வரிசைக் குடமானால் தேதியும் இருக்கும். கோயிலுக்குப் போனால் டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர். பொருளைச் செய்தவர் பெயர் மட்டும் எதிலும் இல்லை. இது நியாயமில்லை என்பது என் கருத்து.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ஒன்பதாம் லூயி மன்னர் நன்கு அறிமுகமானவர். பாரிஸ் லூவ்ரு அருங்காட்சியகத்தில் 'புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி' என்றே ஒரு பித்தளைப் பாத்திரம் இருக்கிறது. 1606இல் பதின்மூன்றாம் லூயிக்கு அதில்தான் ஞானஸ்நானம் நடந்தது. ஆனால் புனித லூயி இறந்தது 1270இல். பாத்திரமோ 14ஆம் நூற்றாண்டில், எகிப்தையும் சிரியாவையும் மம்லூக் சுல்தான்கள் ஆண்டபோது, பித்தளையில் வெள்ளியும் தங்கமும் பதித்துச் செய்தது. அரண்மனை வைத்த பெயர் தப்பு. சரியான பெயர் பாத்திரத்திலேயே இருக்கிறது: முகம்மது இப்னு அல்-சைன். செய்தவர் ஆறு இடங்களில் தன் பெயரைப் பொறித்திருக்கிறார்.

அவர் மட்டுமல்ல. 1232இல் ஈராக்கின் மோசூல் நகரில் செய்த ஒரு கூஜா லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலும் கைவினைஞர் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் உண்டு.

இதே வேலைப்பாடு நம் பக்கத்து மாநிலத்திலும் இருக்கிறது. கர்நாடகத்தின் பீதரில் பாமினி சுல்தான்கள் காலத்திலிருந்து வரும் பிதிரி வேலை. துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு கலந்து வார்த்து, சிற்றுளியால் கோடு வெட்டி, அதில் வெள்ளிக் கம்பியை அடித்து இறக்குவார்கள். பிறகு பீதர் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் நீரில் கலந்து தேய்த்தால் துத்தநாகம் கறுத்துவிடும். வெள்ளி அப்படியே பளிச்சிடும். இந்தக் கலைஞர்களில் ஒருவரான ஷா ரஷீத் அகமது காதிரிக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பெயர் தெரிந்தது. மற்றவர்கள் பெயர்?

தஞ்சாவூர்க் கலைத்தட்டும் அப்படித்தான். பித்தளைத் தட்டில் வெள்ளி, செம்புத் தகட்டு உருவங்களைப் பதிக்கிறார்கள். பணி ஓய்வு விழா என்றால் அந்தத் தட்டுதான். 'அன்புடன் அலுவலக நண்பர்கள்' என்று எழுத்து மின்னும். தட்டுக்குக் கண் கொடுத்தவர் யாரென்று கேட்க ஆளில்லை.

பல கை சேர்ந்து செய்யும் வேலைக்கு யார் பெயரைப் போடுவது என்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு எழுதியவன் சொல்கிறேன். ஒரு கோப்பும் பல கை மாறித்தான் போகிறது. கடைநிலை எழுத்தரின் சுருக்கொப்பம் இல்லாமல் மேசையை விட்டு நகராது. காகிதத்துக்கு உள்ள அந்த மரியாதை, உளி பிடிக்கும் கைக்கு வேண்டாமா? மூன்று பேர் செய்தால் மூன்று பெயர் போடட்டும். தட்டின் பின்புறம் காலியாகத்தானே கிடக்கிறது?

இதனால் வாங்குபவருக்கும் லாபம். பெயர் இருந்தால் அசலுக்கும் அச்சில் அழுத்தியெடுத்த போலிக்கும் வித்தியாசம் தெரியும். பழுது பார்க்க யாரிடம் போவது என்றும் தெரியும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குத்துவிளக்கோ தட்டோ வாங்கி 'உபயம்' என்று பெயர் வெட்டும்போது, அதன் கீழே 'செய்தவர்' என்று இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். கடைக்காரருக்குப் பெயர் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லட்டும். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அவரே சொல்லிவிடுவார்.