ஷிப்ட் முடிந்த பிறகு எந்தக் கச்சேரி?

சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் கலை நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை என்று பலரும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எப்படி வருவார்கள்? மார்கழி சீசனில் கட்டணமில்லாத கச்சேரிகள் பெரும்பாலும் பகலில். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கலாம் என்றால், ஓ.எம்.ஆரில் ஷிப்ட் முடிந்து மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள் மங்களம் பாடிவிடுவார்கள்.

கிராமங்களில் இந்தச் சிக்கல் இல்லை. எங்கள் விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துகள் பெரும்பாலும் பங்குனி முதல் ஆடிவரை நடக்கும்; அறுப்பு முடிந்து வயல்வேலை குறைந்திருக்கும் காலம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூத்தைத் தொடங்கிவைக்கும் மேளக்கட்டு. பிறகு விடிய விடிய ஆட்டம். நடுவில் தூங்குகிறவரை யாரும் ஏளனம் செய்வதில்லை. துகிலுரியும் கட்டம் வந்தால் பக்கத்திலிருப்பவர் எழுப்பிவிடுவார். உழைத்துக் களைத்த உடம்பைத் தெரிந்து அமைத்த கலை அது.

சென்னையிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா பூங்காக்களில், மாலையில், இலவசமாக நடந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பொங்கல் சமயத்தில்! அப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பண்டிகைக்கு வந்து கண்டமங்கலத்தில் அல்லவா இருப்பார்கள்? சபாக்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை, அதுவும் ஆண்டு முழுவதும், யோசித்துப் பார்க்கலாம். மாநகராட்சிப் பூங்காக்களும் இருக்கவே இருக்கின்றன.

— ஒரு வாசகர், கண்டமங்கலம்