519: யாருக்கான கட்டடம்?

டொரண்டோவின் சர்ச் வீதியில் 519ஆம் எண் கட்டடத்தைத் தன்பாலீர்ப்பாளர்களின் மையம் என்றே பலரும் அடையாளம் சொல்வார்கள். அது பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் கேட்டவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழும். அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு அங்கே என்ன வேலை? ஒரு பிரிவினரின் இடத்துக்கு எல்லாருடைய வரிப்பணமும் எதற்கு?

இந்தக் கட்டடத்தை நகராட்சி வாங்கியது 1975இல். வாங்கச் சொல்லி வற்புறுத்தியவர்கள் அந்த வட்டாரவாசிகள். தங்களுக்கு ஒரு பொதுக்கூடம் வேண்டும் என்றார்கள். அந்த வட்டாரம்தான் சர்ச்–வெல்லஸ்லி. கனடாவில் தன்பாலுறவு 1969 வரை குற்றம். சட்டம் மாறிய பிறகும் தொல்லை நிற்கவில்லை. 1981 பிப்ரவரியில் ஒரே இரவில் தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் குளியலகங்களுக்குள் புகுந்த போலீஸ் ஏறத்தாழ 300 ஆண்களைக் கைது செய்தது. வீட்டிலும் வேலையிடத்திலும் மறைந்து வாழ்ந்தவர்கள் துணைதேடிக் குடியேறிய தெருக்கள் இவை. அக்கம்பக்கத்தார் வேறு, பால்புதுமையினர் வேறு என்று பிரிக்க ஆரம்பத்திலிருந்தே இங்கு வழியில்லை.

அடுத்தது பணம். 519 தனியார் சங்கம் அல்ல, நகராட்சியின் ஓர் அமைப்பு. நகரின் வேறு சில சமூக மையங்களுக்கும் உள்ள ஏற்பாடுதான் இதற்கும்: அடிப்படை நிர்வாகச் செலவு நகராட்சியுடையது, நிகழ்ச்சிகளுக்கான பணத்தை மானியமாகவும் நன்கொடையாகவும் மையமே திரட்டிக்கொள்ள வேண்டும். விளக்கெரிவதற்கும் கதவு திறந்திருப்பதற்கும்தான் வரிப்பணம். அந்தக் கதவு எல்லாருக்கும் பொது.

உள்ளே கைக்குழந்தையோடு வரும் பெற்றோருக்கு விளையாட்டறை உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு வரிப்படிவம் நிரப்பித் தருகிறார்கள். வீடற்றவர்களுக்குச் சாப்பாடு, திருநர்களுக்கான குழுக்கள், அகதிகளுக்கு வழிகாட்டல் எல்லாம் அதே கூரையின் கீழ்.

அகதிகளின் சங்கதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பாலீர்ப்பின் காரணமாகத் துன்புறுத்தப்படுபவர் அகதிப் பாதுகாப்புக் கோரலாம் என்பதற்கு 1993இல் கனடிய உச்சநீதிமன்றத்தின் வார்ட் தீர்ப்பு வழிசெய்தது. ஆனால் விசாரணையில் தாம் யார் என்பதை அவர் நிறுவ வேண்டும். ஆயுள் முழுக்க அதையே ஒளித்து வாழ்ந்தவரிடம் காட்டுவதற்கு என்ன ஆவணம் இருக்கும்? இந்த ஊரில் நாலு பேரோடு பழகியதும், 519இன் ஒரு குழுவுக்குத் தவறாமல் வந்துபோனதும் விசாரணையில் சான்றாக உதவலாம்.

519இலிருந்து கொஞ்சம் நடந்தால் செயின்ட் ஜேம்ஸ் டவுன். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் குடியிருந்த அடுக்குமாடிகள் அவை. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை தன்பாலுறவை இன்னும் குற்றம் என்கிறது. அந்த மாடியிலிருந்து ஒரு பிள்ளை 519க்குள் நுழைவதைத் தெரிந்த மாமா ஒருவர் பார்த்துவிட்டால்? அது ஒரு பிரிவினருக்கு மட்டுமேயான இடமாக இருந்தால், வாசலை மிதித்ததுமே குட்டு உடைந்துவிடும். இப்போதோ வரிப்படிவத்துக்கு வந்தேன் என்று சொல்லிவிடலாம், உண்மையாகவும் இருக்கலாம்.

பசியோடு வருபவரும் குழந்தையோடு வருபவரும் ஒரே வாசலில் புழங்கினால் உரசல் வரத்தான் செய்யும். நேரம் பிரித்து, அறை பிரித்து, பேசித்தான் அதைத் தீர்க்க முடியும். அதற்காக ஒரு தரப்பை வெளியேற்றினால் அக்கம்பக்கத்தார் தங்கள் பொதுக்கூடத்தை இழப்பார்கள். ஒளிந்து வாழ்பவர்கள் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய ஒரே வாசலையும் இழக்க நேரிடலாம்.