பிரமாதம்!

திருப்பதிக்கு வந்த புதிதில், தெருவோர டிரான்ஸ்பார்மர் வேலியில் தொங்கிய மண்டையோட்டுப் பலகையைச் சென்னை நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். நான் சித்தூர்க்காரன், தெலுங்கு எழுத்தும் அறிந்தவன். "பிரமாதம் என்று எழுதியிருக்கிறது" என்றேன். "இதிலே என்னய்யா பிரமாதம்?" என்று சிரித்தார் நண்பர். தெலுங்கிலே அச்சொல்லுக்கு அபாயம் என்று பொருள். நமக்கோ வெகு ஜோர் என்று பொருள்!

மின்சாரத்தின் விஷயத்தில் மாணவர்களாகிய நாமும் அந்த நண்பரைப் போலத்தான் நடந்துகொள்கிறோம். அபாயம் என்று எழுதியிருந்தால் பிரமாதம் என்று படிக்கிறோம். "ஷாக்கு வாங்காதவன் என்ன எலக்ட்ரீஷியன், தம்பி?" என்பார் எங்கள் தெருவில் ஒயரிங் வேலை செய்யும் அண்ணன். விரலிலுள்ள கருத்த தழும்பை விழுப்புண்போலக் காட்டுவார். அதே பெருமிதத்தை விடுதி அறையில் சாலிடரிங் அயர்னும் கையுமாக அமரும் நண்பர்களிடமும் காண்கிறேன். அதைக் கண்டிக்க எனக்கு ஒரு தகுதி உண்டு. நானும் அடி வாங்கியவன்.

சென்ற கோடை விடுமுறையில் வீட்டில் இரவு விளக்கொன்று செய்தேன். டிரான்ஸ்பார்மர் இல்லாத சர்க்யூட் அது. 0.47 மைக்ரோபாரட் கபாசிட்டர் ஒன்று, டயோடுகள் நான்கு, ஜீனர் ஒன்று, அவ்வளவுதான். 50 சைக்கிள் மின்சாரத்தில் அந்தக் கபாசிட்டர் ஏறக்குறைய 34 மில்லி ஆம்பியரை விடும். சிறு விளக்குக்கு அது போதும். மீட்டரை வைத்தேன், ஐந்து வோல்ட் காட்டியது. தொட்டும் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. எத்தனை கர்வம் எனக்கு!

மறுநாள் காலை அம்மா தரையைத் துடைப்பதற்காக பிளக்கைப் பிடுங்கினார். துடைத்துவிட்டு மீண்டும் செருகினார். ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நின்று போர்டை நகர்த்தப் போனேன். புறங்கை பட்டது. அடுத்த கணம் சுவரோரம் கிடந்தேன். "என்னடா கண்ணு, என்னடா ஆச்சு?" என்று அம்மா அலறியது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. தாம் பிளக்கை மாற்றிச் செருகியதுதான் காரணம் என்று அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பிழை அவருடையதா என்ன?

மீட்டர் பொய் சொல்லவில்லை, நண்பர்களே. இரு முனைகளுக்கும் இடையே இருந்தது ஐந்து வோல்ட்தான். ஆனால் தரைக்கும் அந்த முனைகளுக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று நான் கேட்கவே இல்லை. இரண்டு முள் பிளக்கை எப்படித் திருப்பினாலும் நுழையும். ஒரு பக்கம் செருகினால் சர்க்யூட்டின் மறுமுனை நியூட்ரலில் நிற்கும். திருப்பிச் செருகினால் பேஸில் நிற்கும். அப்போது ஐந்து வோல்ட் முனைகள் இரண்டுமே தரையை நோக்க 230 வோல்டில் துள்ளும். நடுவில் தடுக்கக் கபாசிட்டரும் இராது. முதல் நாள் என்னைக் காத்தது என் திறமையன்று. பிளக் நுழைந்த பக்கம்!

பியூஸ் காப்பாற்றாதா என்று கேட்கலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல், பிடித்த கம்பியை எவ்வளவு மின்னோட்டம் வரை மனிதனால் விட முடியும் என்று தாமே முன்வந்தவர்களைக் கொண்டு அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. நம் பியூஸோ 5 ஆம்பியர், அதாவது 5000 மில்லி. அது ஒயரைக் காக்க வந்த காவலாளி. நம்மைக் காக்க வந்ததன்று. ரிப்பேர்க் கடைகளில் தொங்கும் சீரியஸ் பல்பும் அப்படியே. நல்ல ஏற்பாடுதான், 100 வாட் பல்பு அரை ஆம்பியருக்கு மேல் போகவிடாது. ஆனால் அரை ஆம்பியர் ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

ஆளைக் காக்க வந்தது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பேஸில் போனது நியூட்ரலில் திரும்புகிறதா என்று கணக்குப் பார்த்து, குறைந்தால் கணத்தில் துண்டிக்கும். இவ்வகைச் சாதனமொன்றை டால்சீலே 1961இல் உருவாக்கினார். அதற்கும் ஒரு குறை உண்டு. ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் இருந்தால் அதன் கணக்குச் சரியாகவே வரும், துண்டிக்காது.

"இப்படிப் பயந்தால் எப்போது கற்பது?" என்றார் அறைத் தோழர். நான் பயப்படச் சொல்லவில்லை. ஐந்து வோல்ட் வேண்டுமா? முத்திரை பெற்ற செல்போன் சார்ஜர் ஒன்றே போதும். அதற்குள் மெயின்ஸைப் பிரித்து நிறுத்தும் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. மெயின்ஸையே ஆராய வேண்டுமா? தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரும் ஆர்.சி.சி.பி.யும் உள்ள மேசையில், உடன் ஒருவர் இருக்க, காலில் செருப்புடன் ஆராயுங்கள். வீட்டுக்குள் செருப்பணிவது நம் வழக்கமன்றுதான். அந்த மேசையருகே மட்டும் வழக்கத்தைச் சற்று மறப்போம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கபாசிட்டர் 325 வோல்ட் வரை வைத்துக்கொண்டு காத்திருக்கும்; அதை வடிக்க ஒரு ரெசிஸ்டரை நிலையாகப் பற்றவைத்துவிடுங்கள்.

நம் நாட்டில் 2019, 2020, 2021 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் 12,000க்கு மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி மாண்டதாக அரசின் பதிவேடு கூறுகிறது. அவர்களுள் எத்தனை பேர் முதல் நாள் தொட்டுப் பார்த்து ஒன்றும் ஆகாமல் மகிழ்ந்தவர்களோ!

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாக் கண்காட்சியில் டிரான்ஸ்பார்மர் இல்லாத மெயின்ஸ் சர்க்யூட் எதையும் ஏற்கலாகாது. மேடை விளக்குகளுக்கு ஆகும் செலவில் சிறிது குறைத்து, ஆர்.சி.சி.பி. பொருத்திய பலகை ஒன்றை மன்றத்துக்கென்றே செய்துகொள்ள வேண்டும். முதல் சந்தா என்னுடையது. அந்தக் கபாசிட்டரையும் கழற்றி வைத்திருக்கிறேன். கண்காட்சியில் வைக்க விரும்பினால் தருகிறேன்.