வைரத்தில் ஏன் ‘ஏ’ இல்லை?

கல்யாணத் தேதி குறித்தாயிற்று. மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாயிற்று. அடுத்தது மோதிரம். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்குள் நுழைகிறீர்கள். “இது எஃப் கலர், இது எச் கலர்” என்று விற்பனையாளர் இரண்டு கற்களை முன்னால் வைக்கிறார். இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னுகின்றன. விலை மட்டும் ஒரே மாதிரி இல்லை!

தங்கம் என்றால் நமக்கு 916 முத்திரை போதும், தைரியமாக வாங்கிவிடுவோம். வைரத்தில்தான் இந்த எழுத்துக் கணக்கு. வாருங்கள், கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

ஒரு காலத்தில் வியாபாரிகள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று அவரவர் இஷ்டத்துக்குத் தரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவனம் 1950களில் புதிய அளவுகோலைக் கொண்டுவந்தபோது, அந்தப் பழைய குழப்பம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று ‘டி’யில் தொடங்கியது. ஆகவே யாராவது “ஏ கிரேடு கலர்” என்றால், அது இந்த அளவுகோலில் இல்லாத தரம்.

டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. கே முதல் எம் வரை லேசான மஞ்சள் சாயல் தெரியும். அங்கிருந்து இசட் வரை அந்தச் சாயல் கூடிக்கொண்டே போகும். இந்த மஞ்சளுக்குப் பெரும்பாலும் காரணம், கல்லுக்குள் கலந்திருக்கும் நைட்ரஜன்.

இந்தத் தரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? கல்லை நகையில் பதிக்கும் முன், கவிழ்த்து வைத்து, அதற்கென்றே அமைத்த வெளிச்சத்தில், மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். விரலில் போட்டால் கல்லை மேலிருந்துதான் பார்ப்போம். அப்போது வெட்டின் மினுமினுப்பு சாயலை மறைத்துவிடும். பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைப் பயிற்சி இல்லாத கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் விலை ஏறும். உங்கள் பணத்தைக் காப்பாற்ற வேண்டிய இடம் இதுதான்.

மோதிரம் மஞ்சள் தங்கமா? தங்கத்தின் நிறமே கல்லில் பிரதிபலிக்கும். அதில் டி கலருக்குக் கூடுதல் வெள்ளி கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. ஐ, ஜே கூட அழகாக இருக்கும். வெள்ளைத் தங்கம் அல்லது பிளாட்டினம் என்றால் ஜி, எச் பக்கம் பாருங்கள். கல் பெரிதாகப் பெரிதாகச் சாயலும் எளிதாகத் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல வெட்டுக்குக் கொடுங்கள். கல்லை ஜொலிக்க வைப்பது வெட்டுதான்.

அம்மாவுக்கு ஏழு கல் தோடு வாங்குகிறீர்களா? அங்கே கணக்கு வேறு. ஏழு கல்லும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் முக்கியம். ஆறு கல் எஃப், ஒன்று மட்டும் கே என்றால் அந்த ஒன்றுதான் கண்ணை உறுத்தும். பின்பக்கம் மூடிய தோடு என்றால், பதித்த பிறகு நிறத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. பதிக்கும் முன்பே கற்களைக் காட்டச் சொல்லுங்கள்.

“ப்ளூ ஜாகர் இருக்கா?” என்று பாட்டி கேட்பார். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அங்கே கிடைத்த சில கற்கள் வெயிலில் மெல்லிய நீலமாகத் தெரியும். புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் தன்மையே அதற்குக் காரணம். ஜிஐஏ சான்றிதழில் ‘ப்ளூ ஜாகர்’ என்ற தரம் கிடையாது. அந்த ஒளிரும் தன்மையைத் தனி வரியில் குறிப்பிட்டிருப்பார்கள். அதைப் படித்துப் பாருங்கள்.

கடையின் விளக்குகள் எந்தக் கல்லையும் அழகாகக் காட்டும். அதனால் ஒரு வெள்ளைத் தாள் கேளுங்கள். கல்லை அதன்மேல் கவிழ்த்து வைத்து, வாசல் பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். ஜிஐஏ சான்றிதழ் என்றால், அதன் எண்ணைக் கைப்பேசியிலேயே அவர்களின் இணையத்தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால், அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ கடைகள் இருக்கின்றன!