சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் ஒரு பிற்பகல்



நம் பங்கின் பழைய குருமனையை இடித்துவிட்டுப் புதியதொன்று எழுப்ப வேண்டும் எனப் பங்குப் பேரவை தீர்மானித்து, அத்தீர்மானம் நமது கையொப்பத்திற்காக மேசைமேல் கிடந்த வாரம் அது. ஓடுகள் சரிந்துவிட்டன, மழை பெய்தால் மூன்று இடங்களில் பாத்திரம் வைக்கிறோம். ஆகவே இடிப்பதில் நமக்கும் மறுப்பு இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, பீடச் சிறுவர் பன்னிருவரையும் முதிய உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு, செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் சென்றோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், கல்பாக்கம் அணுமின் நிலையத்தை அடுத்துள்ளது இவ்வூர். ஐரோப்பியர் இதனைச் 'சட்ராஸ்' எனச் சுருக்கி அழைத்தனர்.

1602-இல் தோன்றிய ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி, 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கு வாணிகத்தில் இறங்கியது. இவ்வட்டாரத்து நெசவாளரின் மெல்லிய துணியே அவர்களை இழுத்து வந்தது. கடலோரத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கோட்டை எழுந்தது. இதே கம்பெனியார் 1641 முதல் ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில், தேஜிமா என்னும் சிறு தீவுக்குள் அடைபட்டிருந்து வாணிகம் செய்தனர். சோழமண்டலக் கரையின் துணிகள் அத்துறை வரையிலும் சென்றன. அத்தீவின் கட்டடங்களை இன்று ஜப்பானியர் மீண்டும் எழுப்பிக் காத்து வருகின்றனர்.

சதுரங்கப்பட்டினத்தை 1781-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17 அன்று இக்கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஒல்லாந்தர் இந்தியாவிலிருந்த தம் இடங்களை ஆங்கிலேயரிடம் விட்டகன்றனர். இன்று இந்தியத் தொல்லியல் துறை இக்கோட்டையைப் பேணுகிறது. வாயிலில் பீரங்கிகள், உள்ளே நீண்ட கிடங்குகள், இடிந்த சுவர்கள், எங்கும் கடற்காற்று.

காவலர் கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறந்துவிட்டார். சித்திர வேலைப்பாடு மிக்க கற்கள். சிறுவன் ஒருவன் மண்டியிட்டு எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினான். "சாமி, எழுத்து தெரிகிறது, பொருள்தான் தெரியவில்லை" என்றான். நம் குருமனைப் பெட்டியிலுள்ள இலத்தீன் ஞானஸ்நானப் பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. இறந்தோருக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்பது உண்மையே. செபத்திற்கு அது தடையாகத் தோன்றவில்லை.

உபதேசியார் மட்டும் கற்களைப் பார்க்காமல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வியாபாரிக்குக் கல் இருக்கிறது, சாமி. நெய்தவனுக்கும் சாந்து அரைத்தவளுக்கும் எங்கே இருக்கிறது?" என்றார்.

பஞ்சகாலங்களில் இக்கரையின் எளியோரை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியவர்களும் அக்கம்பெனியாரே என்பதைச் சிறுவருக்கு எடுத்துச் சொன்னோம். பழமையைக் காப்பது வேறு. அதனைப் புகழ்வது வேறு.

திரும்பும் வழியில் உபதேசியார் மெல்லச் சொன்னார்: "நம் குருமனைக்குச் சுண்ணாம்பு இடித்தவர்களில் என் பாட்டியும் ஒருத்தி. கூலி வாங்கவில்லையாம், நேர்ச்சையாகச் செய்தாளாம்."

"பேரவைக் கூட்டத்தில் நீர் இதைச் சொல்லவில்லையே?"

"யாரும் கேட்கவில்லையே, சாமி."

நாம் வாயடைத்துப் போனோம். அக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் நாமே. செலவைக் கேட்டோம், எத்தனை அறைகள் என்று கேட்டோம். அவ்வீட்டை யார் கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்பர்களே, பழையன யாவற்றையும் காத்துவிட இயலாது. அந்தக் குருமனை நிற்குமா, விழுமா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் ஒருவர் வந்து சுவரைப் பார்க்க இருக்கிறார். ஆயினும் தீர்மானத்தில் கையொப்பம் இடாமல் வைத்துள்ளோம். சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் முதியோரை அமரவைத்து, மண் சுமந்தவர், சுண்ணாம்பு இடித்தவர், மரம் அறுத்தவர் பெயர்களை எழுதத் தொடங்கினோம். இதுவரை பதினேழு பெயர்கள் சேர்ந்துள்ளன. முதற்பெயர் உபதேசியாரின் பாட்டியுடையது.

உங்கள் ஊர்க் கோவிலையோ பள்ளியையோ இடிக்கும் பேச்சு எழுந்தால், முதலில் மூலையில் பேசாது அமர்ந்திருக்கும் முதியவரைக் கேளுங்கள்.