மலிவான அறை யாருக்கு மலிவு?

2026 முதல் நம் நாட்டில் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. நீண்ட விடுமுறையும் பழையபடி ஆண்டிறுதிக்கே வந்துவிட்டது. கிழக்குக் கரை மாநிலங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலமும் அதுதான். கல்லூரி மாணவர்களுக்கோ மறுதேர்வு வரலாம், தொழிற்பயிற்சித் தேதி மாறலாம். இவ்வளவு நிச்சயமின்மைக்கு நடுவில்தான் இணையத்தில் அறை தேடுகிறோம். விலையைப் பார்க்கிறோம், படங்களைப் பார்க்கிறோம், ரத்து நிபந்தனையைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த நிபந்தனையும் விலையின் ஒரு பகுதி என்பதே என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேமரன் மலையில் ஐந்து நண்பர்களுக்கு இரண்டு இரவுகள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணம் 600 ரிங்கிட், கிடைக்காத கட்டணம் 510 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 90 ரிங்கிட் மிச்சம் என்றதும் விரல் தானாக இரண்டாவதை அழுத்தும். தலைக்கு 18 ரிங்கிட்தான் வித்தியாசம். இதேபோல் ஏழு பயணங்களுக்கு முன்பதிவு செய்து, ஒன்று மட்டும் நின்றுபோனால் முதல் வகையில் செலவு 3,600, இரண்டாவது வகையில் 3,570. கிட்டத்தட்டச் சமம். இரண்டு பயணங்கள் நின்றுபோனால் 3,000க்கு எதிராக அதே 3,570. (வாட்ஸ்அப் குழுவில் போடும் திட்டங்களில் ஏழுக்கு எத்தனை நிறைவேறுகின்றன என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.) பணம் போவதைவிடச் சங்கடமானது வேறொன்று. யாருடைய அட்டையில் கட்டணம் செலுத்தப்பட்டதோ, அவர் மற்ற நால்வரிடமும் போகாத பயணத்துக்குப் பங்கு கேட்டு நிற்க வேண்டும்.

‘இலவச ரத்து’ என்று எழுதியிருந்தாலும் அதற்கு ஒரு கெடு உண்டு. ஏர்பிஎன்பி தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரர் ஒரு நாள் முன்புவரை முழுப் பணத்தையும் தரும் முறையைத் தேர்ந்தெடுத்திருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து நாள் முன்புவரை என்று வைத்திருப்பார். கெடு பெரும்பாலும் விடுதி இருக்கும் ஊரின் நேரப்படி கணக்கிடப்படுகிறது. தோக்கியோவில் நள்ளிரவு ஆகும்போது நமக்கு இரவு மணி 11தான்.

மழை வந்தால் பணத்தைத் தந்துவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். 2024 ஜூன் முதல் நடப்பிலுள்ள ஏர்பிஎன்பி விதி வேறுமாதிரி சொல்கிறது. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பருவத்தில் எதிர்பார்க்கக்கூடிய வானிலை மட்டும் காரணமாகாது. அதனால் கட்டாய வெளியேற்ற உத்தரவு போன்ற ஒன்று வந்து, தங்கவே முடியாமல் போனால்தான் அந்த விதி பொருந்தும். திடீர் உடல்நலக் குறைவும் அதில் சேராது. அப்படிப் பார்த்தால், டிசம்பரில் கிளந்தானிலோ திரங்கானுவிலோ பெய்யும் மழையை ‘எதிர்பாராதது’ என்று வாதிடுவது கடினம்.

சட்டம் கைகொடுக்காதா? ஓரளவு கொடுக்கும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய பகுதி 2010இல் சேர்க்கப்பட்டது. நிபந்தனை படிக்க முடியாத பொடி எழுத்தில் இருந்ததா என்பதையும் அது கவனிக்கச் சொல்கிறது. அதனால் பணம் கட்டும் முன் திரையில் தெரியும் நிபந்தனையைப் படம்பிடித்து வைப்பது வீண் வேலையல்ல. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். எதிர்த்தரப்பு வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் சிக்கல் கூடும்.

‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று பளிச்சென்று எழுதியிருந்து, நாமும் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் நம் பக்கம் வலு குறைவுதான். அந்த நிலையில் விடுதியை நேரடியாக அழைத்து, பணத்தைக் கேட்காமல் தேதியை மாற்றித் தரும்படி கேட்டுப் பார்க்கலாம். அறையை வேறொருவருக்குக் கொடுக்க அவர்களுக்கு அவகாசம் இருக்கும்போதே அழைத்தால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.